கூப்பிட்டது யாரை

– ஆடாம நில்லு பெஸ்யா. வாய் நிறைய குண்டூசியை வச்சுக்கிட்டு உன்கூட சண்டை போட முடியாது.

– அப்ப ஊசியைத் துப்பிட்டு சண்டை போடு அக்கா. இந்த ஸ்டூல் மேல நின்னு நின்னு கால் மரத்துப் போச்சு.

– இடது பக்கம் ஓரம் தொங்குது. தூக்கி மடிக்கணும். நேரா நில்லுன்னா நிக்க மாட்டியா?

– எனக்கா நிக்கச் சொல்லித் தர்ற? கொட்டற பனியில, அவங்க தலை எண்ணி முடிக்கிற வரைக்கும் நின்னவ நான்.

– ஜெர்மன்காரன் கேம்ப்ல நீ எப்படி நின்னேன்னு நான் பார்க்கல. நீ ஒரு மூலையில இருந்த, நான் ஒரு மூலையில இருந்தேன். ஆனா அங்க இவ்வளவு வாய் பேசியிருந்தா இங்க வந்து சேர்ந்திருக்க மாட்ட.

– இது என்ன, இடுப்புக்கிட்ட கை உள்ள போகுது? அக்கா, பை தச்சியா? கல்யாண கவுன்லயா?

– சின்னதுதான். வெளிய தெரியாது.

– எதுக்கு?

– ஒரு ரொட்டித் துண்டு வச்சுக்க.

– என் கல்யாணத்துல எனக்கே சாப்பாடு போட மாட்டாங்களா?

– போடுவாங்க, நான்தான சமைக்கப் போறேன். இருந்தாலும் பை இருக்கட்டும். நான் தச்ச துணி எதுலயாவது உள்பை இல்லாம பார்த்திருக்கியா?

– பார்த்ததில்ல. மில் மேனேஜர் பொண்டாட்டி கோட்டுலகூட வச்சுட்ட. அது லிப்ஸ்டிக் வைக்கறதுக்குன்னு அந்தம்மா ஊரெல்லாம் பெருமை பேசிக்கிட்டுத் திரியுது.

– பேசட்டும். ஒரு நாள் தேவைப்பட்டா எனக்கு நன்றி சொல்லும். கையைத் தூக்கு.

– வேண்டாம் அக்கா, விடு. நடக்காத கல்யாணத்துக்கு எதுக்கு இவ்வளவு பாடு?

– நடக்கும். நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் கோட்டை மாட்டிக்கிட்டு அந்தப் பாதிரியார் ஆபீசுக்குப் போறோம். நீ ஒரே ஒரு வரி சொல்ற. அவர் எழுதிக்கிறார். வர்ற வழியில மீன் வாங்கிட்டு வீட்டுக்கு வர்றோம்.

– எனக்கு அந்த வரி வாயில வராது.

– ‘நாங்க அக்கா தங்கச்சி இல்ல.’ பார், எனக்கு வந்துருச்சு. வாயில ஊசியை வச்சுக்கிட்டே வந்துருச்சு.

– உனக்குக் கல்லு மனசு.

– எனக்கா கல்லு மனசு? கேட்டுக்கோ. என் தம்பி லெய்சர் செத்துட்டான்னு நினைச்சு வருஷா வருஷம் மெழுகுவத்தி ஏத்தி அழுதவ நான். அந்தத் தடியன் ரஷ்யாக்காரன் சீமையில எங்கயோ ஒட்டகத்துக்கு நடுவுல குத்துக்கல்லாட்டம் இருந்திருக்கான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இந்த பூரோஸ் ஸ்டேஷன்ல வந்து இறங்கினான். ஒரு வாரம் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதான். அடுத்த வாரம் பார்த்தா உன் பின்னாடி வழிஞ்சுக்கிட்டு நிக்கறான். நான் ஏதாவது சொன்னேனா? சந்தோஷமா துணி எடுத்து வெட்டினேன். இந்தக் கல்யாணத்துக்கு உன்னைவிட எனக்குத்தான் அவசரம்.

– அவரைக் குறை சொல்லாத. சர்ச் ரிஜிஸ்டர்ல நான் அவருக்குத் தங்கச்சின்னு அவருக்கு எப்படித் தெரியும்?

– ரிஜிஸ்டரைப் பிரிக்கிற வரைக்கும் பாதிரியாருக்கும்தான் தெரியல. போன வாரம் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தியா? மாப்பிள்ளை பேர் லெய்சர் வாக்ஸ்மன். பொண்ணு பேர் பெஸ்யா வாக்ஸ்மன். ரெண்டு பேருக்கும் அதே அப்பா, அதே அம்மா. காது நுனி வரைக்கும் சிவந்துட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டு, ‘உங்க மதத்துல அண்ணன் தங்கச்சி கட்டிக்கறது வழக்கமா’ன்னு கேட்டார் பாவம். நம்ம மனசு புண்படக் கூடாதாம்.

– சிரிக்க வைக்காத. ஊசி குத்துது.

– நீ சிரிச்சது எனக்குக் கேட்டுச்சு. நல்லது. அந்த மனுஷன் நல்லவர்டீ. விஷயத்தைச் சொன்னதும் புரிஞ்சுக்கிட்டாரா இல்லையா? ‘ரெண்டு பேரும் என் முன்னாடி சொல்லிடுங்க, நான் மாத்திடறேன்’னார். நான் சொன்னேன். நீ எழுந்து கோட்டைக்கூட எடுக்காம வெளிய போயிட்ட.

– அழுகை வந்துருச்சு. என்ன பண்ணச் சொல்ற?

– உன் மாப்பிள்ளை பண்ணினதைப் பண்ணியிருக்கலாம். அவன் உட்கார்ந்து பாதிரியார் பொண்டாட்டி போட்ட காப்பியை மூணு கப் குடிச்சான். ஏழு தினுசு பிஸ்கட் வச்சிருந்தாங்க, ஏழையும் ருசி பார்த்துட்டுதான் எழுந்தான்.

– அக்கா, அந்தப் பாதிரியார் சீட்டு இல்லாமலே கல்யாணம் பண்ண முடியாதா? நம்ம யூத ரப்பி போதாதா?

– கோத்தன்பர்க்ல இருந்து வர்ற ரப்பியே அந்தச் சீட்டு எங்கன்னுதான் கேப்பார். இந்த சுவீடன் நாட்டுல யார் பிறந்தாலும், செத்தாலும், கட்டிக்கிட்டாலும் சர்ச்சுல சொல்லித்தான் ஆகணும். அவங்க சட்டம் அது. திரும்பு, முதுகுப் பக்கம் பார்க்கணும்.

– அப்ப கல்யாணம் வேண்டாம். நான் இப்படியே இருந்துக்கறேன். நீயும் நானும் மில்லுக்குப் போவோம், வருவோம். உன் தம்பி மாடியில இருக்கட்டும்.

– பைத்தியம். உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அவன் மூஞ்சி போற போக்கை நான் எத்தனை நாள் பார்க்கறது? நீ மட்டும் என்ன, அவன் காலடிச் சத்தம் படியில கேட்டா சீப்பைத் தேடற.

– தேடறேன். ஆசைதான். இல்லைன்னு சொல்லல.

– அப்புறம் என்னடீ?

– அக்கா, எனக்கு ஊருல யாரும் இல்ல. எல்லாரும் போயாச்சு. சண்டை முடிஞ்சு, ஜெர்மனியில லூபெக் துறைமுகத்துல நம்மளை அந்தக் கப்பல்ல ஏத்தினாங்களே, அப்ப நான் பிழைக்கணும்னே நினைக்கல. அத்தனை பேர் வரிசையாப் படுத்துக் கிடந்தோம். பக்கத்துல யாருன்னுகூடத் தெரியாது. அதுல நீ ஒருத்தி எழுந்து உட்கார்ந்த. அந்தச் சுவீடன் நர்சு கிட்ட என்னைக் கையைக் காட்டி ‘ஷ்வெஸ்டர், ஷ்வெஸ்டர்’னு கத்தின. இவ என் கூடப்பிறந்தவன்னு அத்தனை பேருக்கு நடுவுல சொன்ன. நான் பிழைச்சது அந்த வார்த்தையால. அதைப் போய் இல்லைன்னு சொல்லுன்னா நான் எப்படிச் சொல்லுவேன்?

– ஆரம்பிச்சுட்டா. இந்தக் கதையை வருஷா வருஷம் கப்பல் வந்த நாள்ல கேக் வெட்டும்போது கேக்கறேன். போதாதுன்னு நடுவுல வேற.

– கேட்டா என்ன குறைஞ்சு போற?

– கேட்டுக்கோ. உங்க அப்பா பேரு என்ன?

– எதுக்கு இப்ப?

– சொல்லு.

– ஹெர்ஷல். ஹெர்ஷல் குர்லாண்ட்.

– என்ன பண்ணினார்?

– போலந்துல, லோட்ஜ் ஊர்ல பட்டன் கடை. தெரிஞ்சுக்கிட்டே ஏன் கேக்கற?

– நாளைக்கு நீ அந்த வரியைச் சொன்னா, பாதிரியார் என்ன எழுதுவார் தெரியுமா? பெஸ்யா குர்லாண்ட், ஹெர்ஷல் குர்லாண்ட் மகள். இந்தப் பதினாலு வருஷத்துல அந்த மனுஷன் பேரை யாரும் எங்கயும் எழுதல பெஸ்யா. அவருக்குன்னு ஒரு கல்லறைக் கல்லுகூடக் கிடையாது.

– நான் என்ன ஆசைப்பட்டா விட்டேன்? அப்பா பேரைச் சொன்னா உன் பேர் போயிடும். உன் பேர்ல இருந்தா அப்பா பேர் போயிடுது. எந்தப் பக்கம் போனாலும் எனக்கு வயித்தெரிச்சல்தான்.

– என் பேர் எங்கயும் போகாது. கல்யாணம் ஆனதும் நீ மறுபடி வாக்ஸ்மன்தான. இந்த ஊர்லயே வாக்ஸ்மன் வீட்டுல இருந்து வாக்ஸ்மன் வீட்டுக்கு மருமகளாப் போறவ நீ ஒருத்திதான். நடுவுல கொஞ்ச நாள் குர்லாண்டா இரு. உங்க அப்பா சந்தோஷப்படுவார்.

– அப்புறம் உன்னை என்னன்னு கூப்பிடறது? அக்கான்னா, நாத்தனார்னா?

– நாத்தனார்னே கூப்பிடு. எனக்கு அந்த வேலை நல்லா வரும். சூப்புல உப்பு இல்லைன்னு தினம் சண்டை போடுவேன்.

– இப்ப மட்டும் போடாமலா இருக்க.

– யாரது கதவைத் தட்டறது? லெய்சர், உள்ள வராத. பொண்ணு கவுன்ல நிக்கறா.

– வரல அக்கா. அவ என்ன சொல்றான்னு மட்டும் கேட்டேன்.

– என்ன சொல்லுவா, உன் மூஞ்சி பிடிக்கலைங்கறா. கீழ போய் உருளைக்கிழங்கைத் துருவு. தோல் கனமா சீவாத.

– பெஸ்யா, நிஜமாவா சொன்ன?

– இல்லைங்க. நீங்க போங்க. துருவும்போது கையைப் பார்த்துக்கோங்க.

– பார்த்தியா, ‘கையைப் பார்த்துக்கோங்க’. இந்தக் கரிசனத்தை வச்சுக்கிட்டு கல்யாணம் வேண்டாமாம்.

– அக்கா.

– இரு, நான் உட்கார்ந்துக்கறேன். ஊசியெல்லாம் எடுத்துட்டேன். ஒண்ணு சொல்லணும். ஸ்டூல்ல இருந்து குதிக்காத, தையல் பிரிஞ்சுடும்.

– என்ன அக்கா, முகம் ஒரு மாதிரியா இருக்கு?

– அன்னிக்குக் கப்பல்ல நான் உன்னைச் சொல்லல.

– எதை?

– ஷ்வெஸ்டர்னு. நம்ம ஊர்ல ஆஸ்பத்திரியில நர்சை எப்படிக் கூப்பிடுவாங்க? ஷ்வெஸ்டர்னுதான. கூடப்பிறந்தவளையும் அதே வார்த்தையிலதான் சொல்றோம். நீ என் தோள் மேல சாய்ஞ்சு கிடந்த. யாருன்னே எனக்குத் தெரியாது. உடம்பு அடுப்பா கொதிச்சது. இந்தப் பொண்ணு செத்துடுவாளேன்னு பயந்து போய் அந்த நர்சைக் கூப்பிட்டேன். கையைக் காட்டினது, வந்து இவளைப் பாருன்னு. அவ்வளவுதான் பெஸ்யா. வேற யாரா இருந்தாலும் கூப்பிட்டிருப்பாங்க. கப்பல் இங்க வந்து சேர்ந்து, மால்மோ ஆஸ்பத்திரியில கண் முழிச்சுப் பார்த்தா நம்ம கட்டில் பக்கத்துல பக்கத்துல கிடக்கு. உன் கட்டில்லயும் வாக்ஸ்மன்னு சீட்டு தொங்குது. அந்த நர்சு தப்பாப் புரிஞ்சுக்கிட்டான்னு எனக்கு உடனே தெரிஞ்சுடுச்சு. சொல்லிடலாம்னு வாயைத் தெறந்தேன். அதுக்குள்ள நீ கண்ணைத் தெறந்து, ‘அக்கா, தண்ணி’ன்ன. தண்ணி கேக்கற பிள்ளைகிட்ட நான் உன் அக்கா இல்லைன்னு எப்படிடீ சொல்றது? தண்ணி கொடுத்தேன். அப்புறம் சொல்லத் தோணல. எனக்கும் நீ வேண்டியிருந்த. அதனால சொல்றேன். நாளைக்கு நீ எதையும் இல்லைன்னு சொல்லப் போறதில்ல. ஒரு நர்சோட தப்பைத் திருத்தப் போறோம், அவ்வளவுதான். ஏய், அழறியா?

– இல்ல.

– தோள் குலுங்குது.

– சிரிக்கறேன் அக்கா.

– இதுல சிரிக்க என்ன இருக்கு? பதினாலு வருஷமா நெஞ்சுல வச்சிருந்ததைச் சொல்லியிருக்கேன்.

– நாளைக்கு வர்றேன். அந்த வரியைச் சொல்றேன். நீ சும்மா உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிடு, நானே சொல்றேன்.

– இப்பதான் புத்தி வந்தது.

– ஆனா நர்சு மேல பழி போடாத. குன்போர் தப்பா ஒண்ணும் புரிஞ்சுக்கல. அவளுக்கு நல்லா ஜெர்மன் வரும், அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம்னும் தெரியும்.

– பேரெல்லாம் தெரியுமா உனக்கு? நீ நினைவில்லாமதான கிடந்த.

– கண்ணைத் தெறக்க முடியல. காது கேட்டுது. நீ கூப்பிட்டது கேட்டுது. யாரைக் கூப்பிட்டன்னும் தெரியும்.

– தெரியுமா? அப்ப வருஷா வருஷம் அந்தக் கதையை என்கிட்டயே எதுக்குடீ சொன்ன?

– நீ இல்லைன்னு சொல்றியான்னு பார்க்க. கதையைச் சொல்லிட்டு உன் மூஞ்சியையே பார்ப்பேன். நீ ஒண்ணும் சொல்லாம இன்னொரு துண்டு கேக்கை எடுத்துக்குவ. அப்பாடா, இந்த வருஷமும் தப்பிச்சோம்னு இருக்கும்.

– அடிப்பாவி.

– நீயும் அன்னிக்கு ஜுரத்துலதான கிடந்த. கூப்பிட்டதே உனக்கு மறந்து போச்சு, என்னிக்காவது ஞாபகம் வந்தா என்னை விட்டுடுவன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். அதான் பாதிரியார் முன்னாடி அந்த வரி வரல. தெரிஞ்சேதான் அக்காவா இருந்திருக்கன்னா, இனிமே நான் யார்கிட்ட எதைச் சொன்னா என்ன.

– இரு, இரு. நர்சு தப்பாப் புரிஞ்சுக்கலைன்னா என் பேர் உன் கட்டில்ல எப்படி வந்தது?

– அவ குனிஞ்சு என் காதுகிட்ட ஒண்ணு கேட்டா.

– என்னன்னு?

– ‘அந்தப் பொண்ணு கூப்பிடறது என்னையா, உன்னையா’ன்னு.

– நீ என்ன சொன்ன?

– என்னைத்தான்னு சொன்னேன்.