திருப்பாத பக்கம்

உத்திரமேரூரில் மானாம்பதி பஸ் கிளம்பக் காத்திருந்தது. எனக்கு முன்சீட்டில் இருந்த இளம்பெண், பக்கத்தில் வந்து உட்கார்ந்த நடுவயதுக்காரியிடம் மெல்லச் சொன்னாள்.

"நேத்து அவ செத்துட்டாக்கா."

"அய்யய்யோ! யாருடி?"

"லைப்ரரில எடுத்தாந்த கத புக்குல வர்றவ. சாவப்போறான்னு தெரிஞ்சிப்போச்சி. அதான் பக்கத்தத் திருப்பாமயே வெச்சிருந்தேன். திருப்பலன்னா உசுரோட இருப்பா இல்ல?"

"பைத்தியமாடி உனக்கு?"

"நேத்து மனசு கேக்கல, திருப்பிட்டேன். அடுப்பாண்ட உக்காந்து அழுதுகினு இருந்தேன். இன்னான்னு கேட்டு எங்க வூட்டுக்காரரு புக்க வாங்கினாரு. பேப்பர்கூட படிக்காத மனுசன்க்கா. காலைல படிச்சி முடிச்சிட்டு, 'அவ பொண்ண இனிமே யாரு பாத்துப்பாங்க'ன்னு என்னக் கேக்கறாரு. கயனி வேலைக்குப் போவாம அப்டியே உக்காந்துகினு கீறாரு. யாரோ எங்கியோ உக்காந்து எழுதனதுதான்க்கா! எப்டிக்கா இது?"

பஸ் கிளம்பி ஏரிக்கரை தாண்டியதும் அக்கா அவள் பக்கம் திரும்பினாள்.

"அவ பொண்ணுக்கு இன்னா வயசுடி இருக்கும்?"