பரிசலேறிய அக்கி

அந்தக் கோடையில் ஒகேனக்கல் துறையில் விடிய விடியப் பரிசல் ஓட்டினார்கள். அக்கரையில் திருவிழா. யுத்த காலம் என்பதால் அரிசியை ஆறு தாண்டி எடுத்துப் போகத் தடை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த சேவகர் ஒருவர் லாந்தரோடு காவல் நின்றார். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பாப்பாரப்பட்டிக்காரி. அவளுக்குப் பக்கத்தில், துணி மூடிய எதையோ மார்போடு அணைத்தபடி ஒரு கன்னடக்காரி.

"கொழந்தையாங்க?" என்று கேட்டாள் பாப்பாரப்பட்டிக்காரி.

கன்னடக்காரி துணியை இன்னும் இழுத்து மூடினாள்.

"இத்தன நேரமா அழவே காணோமே. யாரு வூட்டுக் கொழந்தை அது?"

அவள் தடுமாறினாள். "அக்கி."

"அக்கியா!" பாப்பாரப்பட்டிக்காரி விலகி நின்றாள். "காவி எழுதி வூட்டுல படுக்கவெக்காம, இந்தக் கூட்டத்துலயா தூக்கிட்டு வருவீங்க? மொகத்தக் காட்டுங்க, பாக்கலாம்."

துணி விலகியது. உள்ளே அரிசி.

"எங்க பாஷையில இதுக்கு அதான் பேரு. அக்கரையில மக புள்ள பெத்திருக்கா. கஞ்சிக்குங்க."

"விக்கறதுக்கு இல்லையே?"

"மாதேசுவரன் மேல சத்தியமா இல்லீங்க."

பாப்பாரப்பட்டிக்காரி நம்பினாளா என்று தெரியவில்லை. கன்னடக்காரி துணியை மூடியதும் சேவகர் வந்து லாந்தரைத் தூக்கினார்.

"என்னம்மா அது?"

பாப்பாரப்பட்டிக்காரி முந்திக்கொண்டாள். "அக்கிங்க. கிட்ட வராதீங்க, ஒட்டிக்கும்."

சேவகர் சட்டென்று ஒதுங்கி வழிவிட்டார்.

பரிசல் நடு ஆற்றுக்கு வந்தபின்தான் பாப்பாரப்பட்டிக்காரி மறுபடி வாயைத் திறந்தாள்.

"நான் ஒண்ணும் பொய் சொல்லலீங்க. உங்க பாஷையில சொன்னேன்."