கஞ்சாக் கடைக்கு நன்னடத்தைச் சான்று

"கஞ்சா விக்கிறதுக்கு, நல்ல பையன்னு போலீஸ்ல எழுதி வாங்கணுமாம் மச்சான்!"

இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும் பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. இளைய மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்த்துவிட்டு வருகிறார். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி.

"கனடாவுல அது சட்டப்படி நடக்குற கடைங்க அத்தான். ஒரு கேஸ் இருந்தாலும் வேலைக்குப் பதிவு பண்ண மாட்டாங்களாம். பரீட்சைகூட உண்டாம். அங்க வேலை பாக்குற நம்ம மாப்பிள்ளைப் பையன் போன்லயே லைசென்ஸ் அட்டையக் காட்டுனாருல்ல."

"காட்டுனான், கலெக்டர் கணக்கா கழுத்துல மாட்டிக்கிட்டு! இங்கிட்டு அத வித்தா உள்ள தூக்கிப் போடுறான். அங்கிட்டு அதுக்குப் பரீட்சையாம், அட்டையாம். தூ!"

"பாப்பாவுக்குப் பையனப் புடிச்சிருக்கு அத்தான்."

"அவளுக்கு என்ன தெரியும்? நாளைக்கு நாலு பேரு கேட்டா, மாப்பிள்ளை போதை விக்கிறாருன்னா சொல்றது? மூத்தவளுக்குப் பாத்த மாதிரி கௌரவமா ஒரு எடம் பாக்க வேணாமா?"

பஸ் அன்னவாசலில் நின்றது. மச்சான் மெதுவாகக் கேட்டார்.

"மூத்த மாப்பிள்ளை ஒயின்ஷாப்புல பாட்டில்தான அத்தான் விக்கிறாரு?"

"டேய், அது கவர்மெண்டு உத்தியோகம்டா! அவரு நல்லவரான்னு எவனாச்சும் ஒரு வார்த்தை கேட்டானா? கேக்காமயே வேலை குடுத்தான்டா!"