இறக்கியாச்சு என்று நான் சொன்னது

பெயர் இந்துமதி, வயது 29, க/பெ. ஜெயகணேஷ், முத்தையாபுரம், தூத்துக்குடி. படிப்பு எம்.ஏ. வரலாறு. தற்போது வேலை இல்லை. ஒரே பெண் குழந்தை, பெயர் தன்யஸ்ரீ, வயது ஒரு வருடம் எட்டு மாதம்.

நீதித்துறை நடுவர் அவர்கள் என்னிடம், குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி யாரும் என்னைக் கட்டாயப்படுத்த முடியாது என்றும், நான் சொல்வது எனக்கே எதிராகத் திரும்பும் என்றும் இரண்டு முறை எடுத்துச் சொல்லி, யோசிக்க நேரமும் கொடுத்தார்கள். யோசித்தேன். எழுதத் தெரிந்தவள் என்பதால் என் கையாலேயே எழுத அனுமதி கேட்டு இதை எழுதுகிறேன். சம்பவம் நடந்து பதினைந்து நாள் கழித்து எழுதுவதற்குக் காரணம் கடைசியில் வருகிறது.

என் கணவர் துறைமுகத்தில் ஒப்பந்த முறையில் கிரேன் ஓட்டுகிறார். தன் உடன்பிறந்த அண்ணன் செந்தூர்வேலை, 16.02.2025 ஞாயிற்றுக்கிழமை, வீட்டுப் பழைய மோட்டார் காரின் ஹேண்டிலால் தாடையில் அடித்துக் கொன்றதாக அவர் காவல் துறையிடம் சொல்லி, இப்போது சிறையில் இருக்கிறார். அவர் அடிக்கவில்லை. அன்று அவர் ஹேண்டிலைத் தொட்டது, எல்லாம் முடிந்த பிறகுதான்.

முதலில் அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. என் கணவரின் கொள்ளுத்தாத்தா உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்தவர். கருப்பட்டி ஏற்றிக் கொழும்புக்குப் போன தோணியில், திரும்பி வரும்போது 1911-இல் இந்த வண்டியைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் பிராட்வெல் என்ற குதிரைவண்டிப் பட்டறைக்காரர்கள் செய்தது. அந்தக் காலத்தில் அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் இப்படி நூற்றுக்கு மேல் சின்னச் சின்னக் கம்பெனிகள் இருந்தன, ஓர் ஊரில் இன்ஜின் வாங்கி, இன்னோர் ஊரில் அச்சு வாங்கி, சக்கரத்தைத் தங்கள் பட்டறையிலேயே செய்து, பெயர்த்தகட்டை மட்டும் புதிதாக அடித்து விற்றார்கள், பெரிய கம்பெனிகள் விலையைக் குறைத்ததும் ஒவ்வொன்றாக மூடினார்கள். பிராட்வெல் நடந்தது நான்கே வருடம். பிறகு அதே கொட்டகையில் சவப்பெட்டி செய்திருக்கிறார்கள். மாட்டுவண்டிக்கு இருப்பது போல உயரமான மரச்சக்கரம் என்பதால், வேறு கார் எதுவும் புதைந்துபோகும் உடன்குடிச் செம்மணலில் இது மட்டும் ஓடியது.

இதில் சாவி கிடையாது. ஒருவர் முன்னால் குனிந்து இரும்பு ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். ஸ்டியரிங்கை ஒட்டி ஒரு ஸ்பார்க் லிவர் இருக்கிறது, எங்கள் வீட்டில் குச்சி என்போம். ஹேண்டில் சுற்றும்போது குச்சி கீழே இறங்கியிருக்க வேண்டும். மேலே இருந்தால் பெட்ரோல் முன்கூட்டியே பற்றி, இன்ஜின் தலைகீழாகச் சுற்றி, ஹேண்டில் திருப்பி உதைக்கும். கை போகும், சில சமயம் உயிர் போகும். முன்னால் குனிந்திருப்பவருக்குக் குச்சி தெரியாது. அதனால் இந்தக் குடும்பத்தில் நூறு வருடமாக ஒரு முறை இருக்கிறது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் வீட்டின் ஆண் ஹேண்டில் பிடிப்பார், வீட்டுக்கு வந்த மருமகள் மேலே உட்கார்ந்து குச்சியைப் பிடிப்பாள். அவர் “இறக்கியாச்சா?” என்று கேட்பார். அவள் பார்த்துவிட்டு “இறக்கியாச்சு” என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அவர் எழுந்து வந்து சரிபார்க்க மாட்டார். பார்த்தால் மருமகளை நம்பவில்லை என்று அர்த்தம். என் மாமியார் வடிவம்மாள் இருபத்தெட்டு வருடம் அந்த இடத்தில் உட்கார்ந்தார். நான் ஆறு ஆயுத பூஜைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டி மாமியார் பெயரில், முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. தான் உயிரோடு இருக்கும்வரை அது கொட்டகையை விட்டு வெளியே போகக் கூடாது என்று அவர் இரண்டு மகன்களிடமும் சொல்லியிருந்தார். சென்ற வருடம் நான் வண்டியின் வரலாற்றைத் தேடி எடுத்து, பெயர்த்தகட்டின் படத்தோடு இணையத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். உலகத்தில் பிராட்வெல் வண்டி வேறு எங்கும் மிஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை என்று அதில் எழுதியிருந்தேன். படித்த பெருமையில் எழுதியது. அதைப் பார்த்துத்தான் சென்னையில் பழைய கார்கள் வாங்கும் ஒருவர், திருப்பூரில் இருக்கும் செந்தூர்வேல் அத்தானைப் பிடித்தார். அத்தான் எங்களிடம் கேட்காமலே வண்டியை விற்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். இன்ஜின் ஓடுவதை வீடியோவில் நேரடியாகக் காட்ட வேண்டும் என்று அந்தச் சென்னைக்காரர் கேட்டிருக்கிறார். என் கணவர் போனிலேயே முடியாது என்றார். ஹேண்டிலைக் கழற்றி ஒளித்தும் வைத்தார்.

16.02.2025 அன்று பிற்பகல் சுமார் மூன்று மணிக்கு செந்தூர்வேல் அத்தான் ஒரு காரில் வந்தார். கூட மாரிராஜ் என்பவரும், பெயர் தெரியாத, காதில் கடுக்கன் போட்ட ஒருவரும் வந்தார்கள். மாரிராஜ் கையில் பெட்ரோல் கேன் இருந்தது. அத்தான் கொட்டகைக்குள் போய் ஹேண்டில் இல்லாததைப் பார்த்துவிட்டு என் கணவரைக் கூப்பிட்டார். “ஏலே, நாலு மணிக்கு மெட்ராஸ்காரன் போன்ல வாரான். ஹேண்டில எங்கல வச்சிருக்க?” என்றார். என் கணவர், “அம்மாகிட்ட கேட்டுக்கோ” என்றார். அத்தான் சிரித்து மாரிராஜிடம், “அமெரிக்காக்காரன் செஞ்ச மாட்டுவண்டிக்கு இவன் காவக்காரன். மாடுதான் இல்ல, இவனப் பூட்டிரலாம்” என்றார். அதன் பிறகு கன்னத்தில் அறைந்தார். என் கணவர் பதிலுக்கு அவரை நெஞ்சில் தள்ளினார். அதன் பிறகு மற்ற இருவரும் என் கணவரைப் பிடித்துக்கொள்ள, அத்தான் சக்கரம் கழற்றும் ஸ்பேனரை எடுத்து அவர் முழங்காலில் இரண்டு தடவையும், வாயில் ஒரு தடவையும் அடித்தார். முன்பல் ஒன்று விழுந்தது. நான் ஓடிப்போய் அத்தானின் கையைப் பிடித்தேன். உதறினார், சுவரில் மோதி விழுந்தேன்.

அதன் பிறகு என் கணவரின் இடது கையைக் கொட்டகையின் இரும்புக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்து, அத்தான் வலது கையால் கதவை இழுத்துச் சாத்தினார். “சொல்லுதியா, இன்னொரு தடவ சாத்தட்டா?” என்று கேட்டார். என் கணவர் சொல்லவில்லை. இன்னொரு தடவை சாத்தினார். அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது. மாமியார் வீட்டுக்குள்ளிருந்து வந்து, “ஏல செந்தூரு, அவன் ஒன் தம்பில, விடுல” என்று கத்தி அத்தானின் முதுகில் அடித்தார். அவர் திரும்பியே பார்க்கவில்லை. மூன்றாவது தடவை கதவைத் திறந்தபோது நான்தான், “அரிசி டிரம்முல இருக்கு” என்று சொல்லிவிட்டேன். என் கணவர் என்னைப் பார்த்தார். இரண்டு விரல் தோலில் மட்டும் தொங்கியது.

மாரிராஜ் ஹேண்டிலை எடுத்து வந்தார், அதில் அரிசி ஒட்டியிருந்தது. டாங்கில் பெட்ரோல் ஊற்றினார்கள். கடுக்கன் போட்டவர் போனை உயர்த்திப் பிடித்தார். மாமியார் என் கணவரின் கையைக் கட்டத் துணி எடுக்க வீட்டுக்குள் ஓடினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நான் கெஞ்சினேன். “ஓட்டிக் காமிச்சிட்டுப் போவலாம். ஏளா இந்து, ஏறி உக்காரு. ஊருக்கெல்லாம் எழுதிக் காட்டுனவ நீதானே, எடம் தெரியும்லா?” என்றார் அத்தான். நான் ஏறவில்லை. அப்போது குழந்தை சத்தம் கேட்டு எழுந்து, வீட்டு வாசலில் வந்து நின்றாள். அத்தான் போய் அவளைத் தூக்கிவந்து வண்டி சீட்டில் உட்காரவைத்து, “பெரியப்பா பாட்டன் வண்டிய ஓட்டுதேன், பாரு. பாப்பாவும் வீடியோவுல வரட்டும்” என்றார். அவர் கையிலிருந்த ரத்தம் குழந்தையின் மஞ்சள் கவுனில் இடுப்புக்கு இரண்டு பக்கமும் பட்டிருந்தது. அடுத்த கணம் நான் ஏறி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டேன்.

இனி எழுதுவதுதான் நான் எழுத வந்தது. குச்சி மேலே இருந்தது. இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அதை மேலே ஏற்றிவிடுவோம், போன ஆயுத பூஜையில் வண்டியை நிறுத்தியபோது இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் மேல் என் வலது கையை வைத்தேன். கீழே இறக்க ஒரு கணம் போதும். அத்தான் முன்னால் குனிந்தார். அவர் ஹேண்டில் பிடித்து ஒன்பது வருடம் ஆகிறது, பிடிக்கிற விதம் மறந்திருந்தார். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும், அவர் கம்பியைச் சுற்றி மடக்கியிருந்தார். முகத்தையும் அருகில் கொண்டுபோயிருந்தார். அதையும் நான் பார்த்தேன். “இறக்கியாச்சா?” என்று கேட்டார். அவ்வளவு நடந்த பிறகும், பழக்கத்தில், வீட்டு வழக்கப்படி கேட்டார். நான் குச்சியைப் பார்த்தேன். பிறகு, “இறக்கியாச்சு” என்று சொன்னேன்.

அவர் சுற்றினார். வெடி போட்டது போல ஒரு சத்தம். ஹேண்டில் எதிர்ப்பக்கம் சுழன்று அவர் மணிக்கட்டை முறித்து, கையைத் தட்டிவிட்டு, தாடையின் கீழே ஏறியது. அவர் பின்னால் சாய்ந்து, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கருங்கல்லில் பின்மண்டை பட விழுந்தார். காதிலிருந்து ரத்தம் வந்தது. கால் மட்டும் சிறிது நேரம் மண்ணைத் தேய்த்தது. குழந்தை சத்தத்துக்குப் பயந்து அழுதாள், பிறகு கை தட்டினாள். மற்ற இருவரும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். போனில் யாரோ, “ஸ்டார்ட் ஆச்சா, ஸ்டார்ட் ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டிருந்தது, கார் தெருமுனை போகும்வரை எனக்குக் கேட்டது.

என் கணவர் தரையோடு நகர்ந்து வந்து வண்டியின் பக்கவாட்டைப் பிடித்து எழுந்தார். குச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கை இன்னும் அதன் மேல் இருந்தது. அதன் பிறகு முன்னால் போய், நல்ல கையால் ஹேண்டிலை உருவி எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். “நீ எதுவும் பேசாத. புள்ளைக்கு இன்னும் பால் மறக்கல” என்றார். காவல் துறையினர் வந்தபோது ஹேண்டில் அவர் கையில்தான் இருந்தது. செந்தூர்வேல் அத்தான் மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இறந்தார். அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு மகன்கள் இருக்கிறார்கள்.

நான் பேசவில்லை. பதினான்கு நாள் பேசவில்லை. அது நடந்தபோது மாமியார் வீட்டுக்குள் இருந்ததால், தன் ஒரு மகன் இன்னொரு மகனைக் கொன்றதாக அவர் நம்புகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் சிறைக்குப் போய் என் கணவரைப் பார்க்கவில்லை. நேற்று குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது என் அருகில் வந்து நின்று, “அன்னைக்குக் குச்சியப் பாத்துட்டுத்தான சொன்ன?” என்று கேட்டார். “ஆமா அத்த. பாத்துட்டுத்தான் சொன்னேன்” என்றேன். அவர் சோற்றுக் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “ஒருத்தன் போயிட்டான். இன்னொருத்தன் செய்யாததுக்கு உள்ள கெடக்கான். போயிச் சொல்லிட்டு வா. புள்ளைய நான் பாத்துக்கிடுதேன்” என்றார். இன்று காலை அவர்தான் எனக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

பயத்தில் கை நடுங்கிக் குச்சியை இறக்க மறந்ததாகச் சொன்னால் வழக்கு நிற்காது என்று எனக்குச் சிலர் சொன்னார்கள். பயம் இருந்தது. கை நடுங்கவில்லை. மறக்கவும் இல்லை. அவர் சாக வேண்டும் என்று நினைத்தேனா என்று கேட்டால், இல்லை, கை உடைய வேண்டும் என்று நினைத்தேன். எந்தக் கை என்றும் நினைத்தேன்.

என் சொல்லை மட்டும் நம்ப வேண்டியதில்லை. கொட்டகை அன்றே முத்திரை வைத்துப் பூட்டப்பட்டது. அதன் பிறகு யாரும் உள்ளே போகவில்லை. பூட்டைத் திறந்து பார்த்தால் குச்சி இப்போதும் மேலேதான் இருக்கும். ஹேண்டிலால் ஒருவர் அடித்திருந்தால் குச்சி எங்கே இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் அத்தானின் வலது மணிக்கட்டு முறிந்த விதத்தையும், கட்டைவிரல் பின்னுக்கு மடங்கிய விதத்தையும், பழைய லாரி ஓட்டிய எந்த டிரைவரிடம் காட்டினாலும் அது எதனால் என்று சொல்வார்.

என் கணவரின் இடது கை விரல்களுக்குப் போட்ட தையலை இந்த வாரம் பிரிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதை யாராவது கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். குழந்தைக்கு முட்டை கொடுத்தால் உடம்பில் தடிப்பு வரும், மாமியாருக்கு அது தெரியும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன். இடது பக்கமாகப் படுக்க வைத்தால்தான் தூங்குவாள்.

இதில் உள்ளது நான் கண்ணால் கண்டதும், என் வாயால் சொன்னதும், என் கையால் செய்யாமல் விட்டதும்தான். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. முழுவதும் திரும்ப ஒரு முறை படித்தேன், அடிக்கவோ சேர்க்கவோ ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
ஜெ. இந்துமதி
தூத்துக்குடி
03.03.2025