படகிலே இருக்கிற சனம்

— அந்தப் படகிலை இருக்கிற சனம் கரை ஏறினதே?

— எந்தப் படகு, அம்மா?

— உதிலை, கீழ் மூலையிலை. பெரிய கப்பல் சரியுது, வாற சனம் எல்லாம் அதைத்தான் பாக்குது. கீழை ஒரு சின்னப் படகு கிடக்கு. நாலைஞ்சு தலை தெரியுது. ஏறினதுகளோ இல்லையோ?

— அது பெயின்டிங், அம்மா. பிறகு என்ன நடந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

— கீறினவனுக்குத் தெரிஞ்சிருக்கும்.

— அவர் செத்து எவ்வளவோ வருசம்.

— அப்ப ஏன் என்னை உதுக்கு முன்னாலை கொண்டந்து நிப்பாட்டினனி? எனக்கு உதைப் பாக்க ஏலாது லக்‌ஷி. ஒரு பூப் படம், பழப் படம் ஒண்டும் இல்லையே இஞ்சை?

— அடுத்த ரூமிலை இருக்கு, வாங்கோ. ஆனா நீங்கள் கேட்டதை நான் புளொக்கிலை எழுதப்போறன். ஆர்ட் பற்றி எழுதிற ஒருத்தரும் இப்பிடிக் கேக்கிறேல்லை.

— எழுதாதை! ஊர் எரியுது, இவள் மகளோடை லண்டனிலை படம் பாத்துத் திரியிறாள் எண்டு லூயிஷாம் கோயிலிலை வைச்சே முகத்துக்கு நேரை கேப்பினம்.

— என்ர புளொக்கை வாசிக்கிறதே பத்துப் பேர். அதிலை ஒராள் நான்.

— மற்ற ஒன்பது பேருக்கும் வாய் இல்லையே? ஐயோ, உது என்ன கோதாரி? பழப் படம் எண்டு கூட்டிக்கொண்டு வந்து, செத்த கோழி தொங்குது!

— அது ஃபெசன்ட், ஒரு சாதிப் பறவை. பக்கத்திலை திராட்சை இருக்குத்தானே, அதைப் பாருங்கோ. என்ன வடிவா மினுங்குது.

— உவங்களுக்குச் சாப்பாட்டு மேசையிலையும் சாவே? என்ர போனைத் தா.

— கேலரிக்குள்ளை போன் கதைக்கக் கூடாது.

— கதைக்கேல்லை. ஆரும் எடுத்தவையோ எண்டு பாக்கிறன்.

— பேந்து தாறன். கச்சேரிக்குச் சைலன்ட்டிலை போட்டது, அப்பிடியே பாக்குக்கு அடியிலை கிடக்கு.

— காலமை கச்சேரி கேட்ட சேர்ச்சிலையும் உதைத்தான் சொன்னனி. கச்சேரி முடியட்டும், கச்சேரி முடியட்டும் எண்டு. அந்தப் பெட்டை அந்தப் பெரிய வயலினைக் காலுக்கு நடுவிலை வைச்சு இழுக்க, எனக்கு அங்கை இருக்க ஏலாமல் போச்சுது. ஒரு ஆம்பிளை வாயை மூடிக்கொண்டு அழுகிற சத்தம் உது.

— செலோ, அம்மா. எனக்கு அதுதான் விருப்பமான சத்தம்.

— உனக்கு விருப்பமா இருக்கும். நான் எழும்பிக் கீழை பாத்ரூமுக்குப் போனது உதாலைதான். அங்கை நிண்டு முருகனைக் கும்பிட்டனான். சேர்ச்சின்ர பாத்ரூமிலை நிண்டு முருகனை! ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. வெளியிலை போவம் பிள்ளை, எனக்கு மூச்சு முட்டுது.

— சரி, சரி. கையைப் பிடியுங்கோ. படியிலை இருப்பம். இந்தாங்கோ தண்ணி.

— அங்கை கேக்குது பார். பறை அடிக்கிறாங்கள்.

— பார்லிமென்ட் பக்கம். சண்டையை நிப்பாட்டச் சொல்லி நிக்கிற எங்கட ஆக்கள்தான். அப்பாவும் அங்கை நிக்கிறார்.

— ஹெலியும் சுத்துது. உந்தச் சத்தம் கேட்டா எனக்கு இன்னும் பங்கரைத் தேடச் சொல்லுது. நானும் அங்கை சனத்தோடை நிண்டிருக்கோணும். சனத்தோடை நிண்டா இவ்வளவு பயமில்லை.

— நேத்து அங்கைதானே மயங்கி விழுந்தனீங்கள்? சாப்பிடாமல், நித்திரை கொள்ளாமல். இண்டைக்கு எங்கையாவது கூட்டிக்கொண்டு போ, டீவிக்கு முன்னாலை மட்டும் இருத்தாதை எண்டு அப்பாதான் சொன்னவர்.

— அந்தக் கடைப் பாக்கை மறை. கொடியோடை போற சனம் இந்தப் பக்கத்தாலைதான் ஸ்டேசனுக்கு வரும். சீலை வாங்கினவள் எண்டு நினைப்பினம்.

— உள்ளுக்குப் புத்தகம், அம்மா. பழைய புத்தகக் கடைக்காரர் வாசலிலை பெட்டியிலை போட்டு வைச்சிருந்தவை. சிலோன் மாப் ஒண்டு இருக்கு, உங்களுக்கெண்டுதான் எடுத்தனான். பாருங்கோ.

— எங்கை... முல்லைத்தீவு கிடக்கு. மாத்தளன் இல்லை.

— வெள்ளைக்காரரின்ர பழைய மாப். சின்ன இடங்கள் போட்டிருக்க மாட்டினம்.

— கடலுக்கு இவ்வளவு நீலம் அடிச்சவனுக்கு ஒரு புள்ளி வைக்கப் பஞ்சியே? அந்தப் புள்ளியிலைதான் என்ர சின்னண்ணை கிடக்கிறார்.

— தெரியும், அம்மா.

— உனக்கு என்ன தெரியும்? காலிலை ஷெல் பட்டு, கப்பலுக்குப் பேர் குடுத்திட்டுக் கடற்கரையிலை கிடக்கிறார். காயக்காரரை மட்டும்தான் செஞ்சிலுவைக் கப்பலிலை ஏத்துவினமாம். திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வந்திட்டார் எண்டா தப்பிடுவார். பங்குனியிலை கதைச்ச மனுசன். வருசமும் பிறந்திட்டுது, ஒரு சத்தமும் இல்லை. தா போனை.

— இன்னும் கொஞ்ச நேரத்திலை வீட்டை போயிடுவம்...

— ஏன் முழுசிறாய்?

— நான் முழுசேல்லை.

— பொய் சொல்லேக்கை நீ காதைத் திருகுவாய். காதை விடு. லக்‌ஷி, போன் வந்ததே?

— கத்தாதேங்கோ, ஆக்கள் பாக்கினம்.

— வந்ததே?

— ஓம்.

— எப்ப?

— கச்சேரியிலை. நீங்கள் கீழை போயிருந்த நேரம். நான் வாசலுக்கு ஓடிப்போய் எடுத்தனான். பாரிஸ் மாமா.

— ஆனந்தராஜாவே? என்ர தம்பிக்கு வேலை நேரமெல்லே அது. வேலைக்கு நடுவிலை எடுத்தவனே? என்ர முருகா! சொல்லு. வேண்டாம், சொல்லாதை. என்னைப் பிடி. பிடிச்சுக்கொண்டு சொல்லு.

— பயப்பிடாதேங்கோ, ப்ளீஸ். நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. சின்ன மாமா கப்பலை மிஸ் பண்ணிட்டார். அவ்வளவுதான்.

— கப்பலை விட்டிட்டாரோ?

— ஓம். நீங்கள் உடைஞ்சுபோவீங்கள் எண்டுதான் வீட்டை போய் அப்பாவோடை சேர்ந்து சொல்லுவம் எண்டு வைச்சிருந்தனான். அடுத்த கப்பல் வரும்தானே, அம்மா?

— அப்ப ஆள் இருக்கிறார்.

— ஓம்.

— கப்பலை விட்டவர் எண்டா ஆள் இருக்கிறார் எண்டுதானே அர்த்தம்! இல்லாத ஆள் எப்பிடிக் கப்பலை விடுறது? அடி மடைச்சி, இதையே மறைச்சனி? நான் உள்ளுக்கை அந்தக் கோழிக்கு முன்னாலை நிண்டு, மனசுக்குள்ளை அவருக்குக் கொள்ளியும் வைச்சு எட்டுச் செலவும் செய்து முடிச்சிட்டன்.

— அழாதேங்கோ.

— அழேல்லை, சிரிக்கிறன். அவருக்கு உது பழக்கம். யாழ்தேவி பிடிக்கப் போனா, ரயில் வெளிக்கிட்டாப் பிறகு பிளாட்போமிலை நிண்டு கையைக் காட்டிப்போட்டு வீட்டை வருவார். என்ர கலியாணத்துக்கே தாலி கட்டினாப் பிறகுதான் வந்தவர். வந்து, பந்தியிலை முதல் ஆளா இருந்தவர்! எடு போனை, ஆனந்தனோடை ஒருக்காக் கதைப்பம்.

— உங்கட போன் அவர் வைச்ச உடனை செத்துப்போச்சு. சார்ஜ் இல்லை. என்ரையிலை வெளிநாட்டுக்கு எடுக்க ஏலாது.

— பரவாயில்லை, வீட்டை போய் எடுப்பம். அதுக்கு முதல் ஒரு கடைக்குப் போவம்.

— என்ன? காலமையிலையிருந்து ஒரு கடை வாசலையும் மிதிக்க மாட்டன் எண்டனீங்கள்!

— அது அப்ப. அவர் கப்பலாலை இறங்கேக்கை உடுத்த துணியோடைதான் இறங்குவார். ஆஸ்பத்திரியிலை கிடக்கிற மனுசனுக்கு மாத்த ஒரு சேட் வேண்டாமே? கொழும்புக்குப் போற ஆக்களிட்டைக் குடுத்துவிடலாம். எழும்பு.

— ஓகே, ஓகே. ஸ்டேசனுக்குப் பக்கத்திலை ஒரு கடையிலை சேல் போட்டிருக்கு. மெல்லமா நடவுங்கோ, இப்பதான் மூச்சு முட்டுது எண்டனீங்கள்.

— எக்கணம் ஆரும் தெரிஞ்சவை காணப்போகினம். கண்டா காணட்டும். என்ர சின்னண்ணைக்கு எடுக்கிறன் எண்டு சொல்லுவன். இந்தக் கடையே? கண்ணாடிக்குள்ளை நிக்கிற பொம்மைக்குத் தலை இல்லை, வேறை பக்கம் பாத்துக்கொண்டு வாறன்.

— இந்த நீலம் நல்லாயிருக்கு. மீடியம் காணுமே?

— முந்தி லாஜ். இப்ப கஞ்சியோடை கிடந்து மெலிஞ்சிருப்பார். மீடியம் எடு. இல்லை, வேண்டாம், லாஜே எடு. சாப்பிட்டுத் தேறி வருவார்தானே.

— லாஜ். சரி.

— கழுத்துப் பட்டி சொரசொரப்போ? தொட்டுப் பாப்பம்... பூப்போலை கிடக்கு. ஆனந்தன் வேறை என்ன சொன்னவன்? சந்தோசத்திலை நான் ஒண்டும் கேக்கேல்லை.

— அவர் கனக்கக் கதைக்கேல்லை. அவருக்குத் தடிமன் போலை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தவர்.

— தடிமனோ?

— ஓம், குரல் அடைச்சிருந்தது. அம்மா பக்கத்திலை நிக்கிறாவோ எண்டு முதல் கேட்டவர். இல்லை எண்டன். அதுவும் நல்லதுக்குத்தான் எண்டவர்.

— ஏன் நல்லதுக்கு?

— தெரியேல்லை. அம்மாட்டை ஆறுதலாச் சொல்லு பிள்ளை, உடனை சொல்லிப்போடாதை எண்டவர். பின்னாலை மாமி ஏதோ பெரிசாச் சத்தம் போட்டவா, எனக்கு விளங்கேல்லை. அம்மா, சேட்டைக் கசக்காதேங்கோ, இன்னும் வாங்கேல்லை.

— லக்‌ஷி.

— என்னம்மா?

— கப்பலை விட்டிட்டார் எண்டு அவன் சொன்னவனே? உன்ர கதையைச் சொல்லாதை. அவன்ர வாயிலை வந்ததை அப்பிடியே சொல்லு.

— ஏன் இப்பிடிப் பாக்கிறீங்கள்? எனக்குப் பயமாக் கிடக்கு.

— சொல்லு, பிள்ளை.

— கப்பல் எண்டு அவர் சொல்லேல்லை, அம்மா. அது நான் விளங்கிக்கொண்டது. "சின்ன மாமா தவறிட்டார்" எண்டு மட்டும்தான் சொன்னவர்.