தின்ற சக்கைக்கு ரசீது

அருமனையிலிருந்து குழித்துறை போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டிலிருந்த சர்ச் சபைப் பொருளாளர் திடீரென்று கத்தினார்: "தின்ன சக்கைக்கு வரிவிலக்கு ரசீதா ஓய்?"

பக்கத்திலிருந்தவர் சர்ச் அறுப்புப் பண்டிகை ஏலத்தில் சக்கை, அதாவது பலாப்பழம், எடுத்தவராம்.

"அது ஆண்டவருக்குக் குடுத்த பைசால்லா? காணிக்கைன்னு போட்டுத் தாரும்."

"ஏலம் எடுத்த சக்கைய மறு ஏலத்துக்குத் திருப்பிக் குடுக்கவங்க உண்டு, அவங்களுக்குன்னா காணிக்கைன்னு போடலாம். நீரு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி வெட்டித் தின்னாச்சு. நான் பொய் ரசீது போட்டா, நாளைக்கு இன்கம்டாக்ஸ்காரன் சபைக்க கழுத்தத்தான் பிடிப்பான்."

"அப்பம் அடுத்த வருசம் நான் ஏலம் கேக்க மாட்டேன், பாத்துக்கிடும்."

"ஆண்டவருக்குக் குடுத்தவன் பேசுத பேச்சா ஓய் இது?"