எல்லா மனுவிலும் ஜெயிச்சேன்

...கைதட்டாதீங்க. 'ஒரு மனுவிலகூட தோக்காதவர்'னு என்னை அறிமுகப்படுத்தினீங்க பாருங்க, அதுக்குத்தான் இப்ப ஒரு சின்னக் கதை சொல்லப் போறேன். ஜூனியர் வக்கீலுங்க செல்போனை உள்ள வைங்க.

ஒரு அரிசி ஆலையில பாய்லர் வெடிச்சு ஒருத்தர் செத்துட்டார். பொண்டாட்டி பூரணத்தம்மா நஷ்டஈடு கேட்டு முதலாளி மேல வழக்கு போட்டாங்க. முதலாளிக்கு வக்கீல் யாரு? நான்தான்!

கூட வேலை பார்த்த மாசானம்தான் ஒரே சாட்சி. 'அழுத்தம் கூடினா ஆவி வெளியேறுற வால்வை முதலாளி சொல்லித்தான் கம்பி போட்டுக் கட்டினோம்'னு சொல்ல வர்றார். ஆனா அவருக்குத் தொண்டையில புத்து. பதினெட்டாம் தேதி ஆபரேஷன்... குரல்வளையையே எடுத்துடுவாங்க. எழுதப் படிக்கவும் தெரியாது. அதுக்கு முன்னாடி சாட்சியம் பதியணும்னு எதிர்த்தரப்பு வக்கீல், ஜெயமணிங்கிற பொண்ணு, மனு போட்டுச்சு.

நான் என்ன பண்ணேன்? பதில் மனு போட வாய்தா கேட்டேன். கிடைச்சுது. ஆஸ்பத்திரி பேப்பரோட ஒரிஜினலைக் காட்டுங்கன்னேன். அதுக்கொரு வாய்தா. ஆஸ்பத்திரிக்கே போய் சாட்சியம் பதிய, கோர்ட்டுல ஒரு வக்கீலை ஆணையரா போட்டாங்க. 'அவர் அந்தம்மாவுக்கு ஊர்க்காரர், மாத்துங்க'ன்னேன். மாத்தினாங்க!

ஜெயமணி வராண்டாவுல ஓடி வந்துச்சு. "சார், ஒரு மணி நேரம் போதும் சார். அவர் பேசட்டும், நீங்க எவ்வளவு வேணா குறுக்கு விசாரணை பண்ணிக்கோங்க. ஏற்கெனவே ஒரு தடவை ஆபரேஷனைத் தள்ளி வச்சுட்டார் சார், இந்தம்மாவுக்காக. இனிமே முடியாதுங்கிறார் டாக்டர்."

நான் சொன்னேன்... "கட்சிக்காரனுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?"

புது ஆணையர் போன அன்னைக்குத் தேதி பத்தொம்போது.

மூணு மாசம் கழிச்சு மாசானம் கூண்டுல ஏறினார். கழுத்துல ஓட்டை. சைகையை விளக்க, காது கேளாதோர் பள்ளியிலேர்ந்து ஒரு டீச்சரைக் கூட்டி வந்தாங்க. அவங்க பார்த்துட்டு, "ஐயா, இவருக்கு எங்க சைகை பாஷை தெரியாதுங்க"ன்னுட்டாங்க. எப்படித் தெரியும்? அறுவது வருஷம் வாயால பேசின மனுஷன்யா அவர்!

ஆமா, இல்லைன்னு தலையாட்டுற மாதிரி ஜெயமணி கேட்டப்ப, 'பதிலைச் சொல்லிக் கொடுக்குற கேள்வி'ன்னு தடுத்தேன். மாசானம் விடலை. இடது கையை வால்வு மாதிரி பிடிச்சார். வலது கையால சுத்தினார்... சுத்தினார்... இழுத்து முறுக்கினார். என் கட்சிக்காரனைக் கை நீட்டிக் காட்டினார். பச்சைக் குழந்தைக்கும் புரியும்.

நீதிபதி என்னைப் பார்த்து, "உங்களுக்குப் புரியுதா?"ன்னார்.

நான் எந்திரிச்சேன். "புரியலைங்க ஐயா."

'சாட்சி கைகளை அசைத்தார். பொருள் விளங்கவில்லை'ன்னு பதிவாச்சு. வழக்கு தள்ளுபடி. பூரணத்தம்மா என்னைத் திட்டலை, மண்ணை வாரித் தூத்தலை. மாசானத்தைக் கைத்தாங்கலா பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

இப்ப சொல்லுங்க, நான் பண்ணினதுல எது சட்டவிரோதம்? ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்... கிடையாது! ஒவ்வொரு மனுவும் சரியான மனு. எல்லாம் சேர்ந்து ஒரு மனுஷன் தொண்டையை நெரிச்சுது, அவ்வளவுதான். சாட்சியைப் பேச விடாம பண்ண அடியாள் எதுக்கு? ஒரு கெட்டிக்கார வக்கீல் போதும்.

ஜூனியர்களா, நாளைக்கு வாய்தா கேக்க எந்திரிப்பீங்க. அதுக்கு முன்னாடி எதிர்த்தரப்புல யாருக்கு நாள் இல்லைன்னு விசாரிங்க. தெரிஞ்ச பிறகும் கேட்டீங்கன்னா... என்னை மாதிரி பெரிய வக்கீலா வருவீங்க. இதே மாதிரி மாலையும் போடுவாங்க.